இருநூறு மீட்டர் வெளிச்சம்

வெளிச்சம் பின்சுவரில் போய் விழவில்லை.

புஷ்பலதா முதலில் டார்ச்சைத்தான் சந்தேகப்பட்டாள். அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டிப் பிடித்தாள். வெள்ளை ஒளி நேராகக் கிளம்பி, தலைக்கு மேல் வரிசையாக ஓடிய மரச் சட்டங்களையும் அவற்றில் பிறை பிறையாக ஒட்டியிருந்த கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. நாற்பது அடியில் முடிய வேண்டிய கீழ்மாடி அது. நான்கு வருடங்களாக அவள் கூடு எடுக்கிற மாடி. கடைசிச் சட்டத்துக்கு அப்பால் பாசி பிடித்த சிமெண்ட் சுவர் இருக்கும், சுவரோடு ஒரு தண்ணீர்க் குழாய் இறங்கும். இப்போது அங்கே இன்னொரு சட்டம் இருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று.

ஆயர் தாவார் ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட நிலத்தின் நடுவில், சன்னலே இல்லாத மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை அவளுடைய முதலாளி தவுக்கே உழவாரக் குருவிகளுக்காகக் கட்டியிருந்தார். குருவிகள் கூரைக்குக் கீழிருக்கும் சதுர ஓட்டை வழியாக வரும், போகும். மனிதர்களுக்கு ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்ளே எந்நேரமும் ஸ்பீக்கர்களில் குருவிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். எச்சத்தின் காரமும் ஈரமரத்தின் புளிப்பும் கலந்த வாடை தொண்டையில் படியும். பகல் இரண்டு மணிக்கும் கைவிரல் தெரியாத இருட்டு. குருவிகள் தங்கள் எச்சிலை இழை இழையாகச் சட்டத்தில் ஒட்டிக் கட்டுகிற, சூப்புக்காக நல்ல விலை போகும் கூடுதான் அங்கே விளைச்சல். களவு போகக்கூடாது என்பதற்காக, கூடு எடுப்பவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். கைப்பேசி வேனிலேயே இருக்கும். ஆறு மணிக்கு அப்பாவு வந்து திறப்பான். அவளை வெளியே விட்டு அன்று பூட்டினால் அடுத்த கூடு எடுப்பு வரைக்கும், அதாவது நாற்பது நாளுக்கு, அந்தக் கதவை யாரும் தொடமாட்டார்கள்.

வேன் ஓட்டுகிற அப்பாவு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தான்.

"டார்ச்சத் தரையப் பாத்தே பிடி தங்கச்சி. கூட்டுக்குக் கிட்ட போனா ஒரு வாட்டி மேல அடி, ஒடனே எறக்கிடு. பின்பக்கம் அடிக்கவே அடிக்காத."

"ஏண்ணே?"

"குருவி ஓடிப்போச்சின்னா தவுக்கே ஸ்பீக்கருக்குப் பதிலா நம்ம ரெண்டு பேரையும் கத்தவிட்டுருவாருலா."

தவுக்கே கொடுத்திருந்த டார்ச் அழுக்கு மஞ்சளாக எரியும். நான்கு அடிக்கு மேல் எதையும் காட்டாது. போன முறை மூலையிலிருந்த ஆறு கூடுகள் அவள் கண்ணில் படாமல் பூஞ்சை பிடித்துவிட்டன. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தவுக்கே சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் அவள் நல்ல டார்ச் தேட ஆரம்பித்தாள். இரண்டு வாரம், படுக்கையில் கிடந்தபடி, யார் யாரோ வெவ்வேறு டார்ச்சுகளை ஒரே சுவரில் அடித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தாள். கடைசியில் ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, காலைச் சந்தையில் கார்த்திகேசு என்பவர் போட்டிருந்த கடைமுன் நின்றாள்.

"அண்ணே, மூராவா, வெல கம்மியா, ஆனா நல்லா அடிக்கிற டார்ச் ஒண்ணு வேணும்."

"மூராவும் வேணும், பாகுசா நல்லாவும் வேணும். மாப்பிள்ள தேடுறமாதிரியில்ல கேக்குற?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு லட்சம் லூமன் என்று அச்சடித்த பெட்டியை எடுத்தாள்.

"அத வச்சிரு தங்கச்சி. பெட்டியில சூரியனையே எழுதுவானுங்க. தூக்கிப் பாரு, காத்து மாதிரி இல்ல? பேட்டரியில ஒண்ணும் இருக்காதுலா." அவர் கனமான கறுப்பு டார்ச் ஒன்றை அவள் கையில் வைத்தார். "இது ஆயிரம்னு போட்டிருக்கான், ஆயிரம் அடிக்கும். எரநூறு மீட்டர் போவும். ஃபுல்லுல மூணு நிமிசம், அப்புறம் சூடு ஏறாம இருக்க தானா எறங்கிரும். கெட்டுப்போச்சின்னு பயந்துராத. வெல கம்மி, ஆனா பொய் சொல்லாத சாமான்."

பொய் சொல்லாத சாமான்.

அதுதான் இப்போது அவள் கையில் இருந்தது. அதன் வெளிச்சத்தில் எத்தனை சட்டங்கள் என்று எண்ண முயன்றாள். முப்பதுக்கு மேல் முடியவில்லை. அப்புறம்தான் கூடுகளைக் கவனித்தாள். தூரத்தில் இருப்பவை சின்னதாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. பக்கத்துச் சட்டத்தில் இருந்ததும் கண்ணுக்கு எட்டிய கடைசிச் சட்டத்தில் இருந்ததும் ஒரே அளவாகத் தெரிந்தன.

அவள் பொத்தானை அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்தாள். உடனே பின்சுவர் வந்துவிட்டது. பாசி, குழாய், எல்லாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூசியில் ஏதோ கண்மயக்கம். சாப்பிடாமல் வந்தது தப்பு. இருந்தாலும் மனம் கேட்காமல், நிரம்பிய வாளியைக் கதவருகே வைத்துவிட்டு, பூட்ஸ் எச்சத்தில் சளக் சளக்கென்று புதைய நடந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் ஒட்டியது.

கையை எடுக்காமலே மறு கையால் வெளிச்சத்தைக் கூட்டினாள்.

உள்ளங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நீட்டிய கை வெறும் காற்றில் நின்றது. சட்டங்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவள் சட்டென்று திரும்பி, வந்த பக்கம் அடித்தாள். அந்தப் பக்கமும் அப்படியே. கதவு இல்லை, வாளி இல்லை, மேலிருந்து மாடிப்படி இறங்கும் மூலை இல்லை. இவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர்ச் சத்தம் எங்கோ பக்கத்து ஊர்த் திருவிழாபோல மெலிந்து கேட்டது.

"அண்ணே!" என்று கத்தினாள். குரல் எதிலும் மோதவில்லை. திரும்பி வரவில்லை.

குறைத்தாள். சுவர்கள் வந்தன. நாலு பக்கமும் வந்தன, நாற்பது அடியில் அல்ல, எட்டுக் காலடித் தூரத்தில். குழாய் இல்லை. பாசி இல்லை. சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். கதவு இல்லை.

கைக்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

அழக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளிச்சம் எவ்வளவோ இடம் அவ்வளவு. அது ஏன் என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. கதவு எங்கோ இருக்கிறது, அதைப் பார்க்க முழு வெளிச்சம் வேண்டும், முழு வெளிச்சம் மூன்று நிமிடம்தான். அவ்வளவுதான் கணக்கு. கூட்டினாள். மெதுவாக, ஒரு முழு வட்டம் சுற்றினாள். வெகு தூரத்தில், ஒளி தேய்ந்து சாம்பலாகும் இடத்தில், நெட்டுக்குத்தாக ஒரு மெல்லிய கோடு. இரும்புக் கதவின் இடுக்கில் வெளியே இருக்கும் பகல்.

அதை நோக்கி ஓடினாள். மூச்சு வாங்கியது. எச்சம் கணுக்கால்வரை இழுத்தது. மூன்றாவது நிமிடத்தில் டார்ச் தானாக இறங்கியது. சுவர்கள் முகத்துக்கு நேரே எழும்பின. அவள் மோதி விழுந்தாள். கை, கன்னம் எல்லாம் பிசுபிசுத்தது. டார்ச் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் கூட்டினாள். ஓடினாள். மறுபடியும் விழுந்தாள்.

எத்தனை தடவை என்று தெரியவில்லை. கோடு கிட்டத்தில் வரவில்லை. ஆனால் சட்டங்களில் இருந்த கூடுகள் மாறிக்கொண்டே வந்தன. உள்ளங்கை அளவு. பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு சட்டத்தில் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு ஒன்று தொங்கியது. அதற்குள் அடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கதவை நோக்கித்தான் போகிறோமா, அதைவிட்டு விலகிப் போகிறோமா?

பேட்டரியை மிச்சப்படுத்த முழுவதுமாக அணைத்தாள்.

இருட்டில் சுவர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கையை நீட்டிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர்ச் சத்தம் கொசுவின் ரீங்காரம்போல இருந்தது. அதற்கு நடுவே இன்னொரு சத்தம். மேலே. வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் வாய், மெல்வதை நிறுத்திவிட்டு எச்சிலைக் கூட்டிச் சேர்ப்பது போல. ஒரு இடைவெளி. மறுபடியும். அவசரமே இல்லாத சத்தம்.

விளக்கைப் போட்டாள். பார்க்கவில்லை. ஓடினாள்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது.

அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். தொலைவில் அந்தக் கோடு அகன்று, தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர வெளிச்சம் ஆயிற்று. அதற்குள் ஒரு சின்ன மனித உருவம். அதன் கையில் மஞ்சளாக, அழுக்காக, தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு ஒளி. அப்பாவு.

"லதா…" கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவன் குரல் வந்தது. "ஆறாச்சிலா. எறங்கி வா."

"அண்ணே! இங்க இருக்கேன்! அண்ணே!"

டார்ச்சை அவனை நோக்கி ஆட்டினாள். அணைத்து அணைத்துப் போட்டாள். அவன் தன் மஞ்சள் வெளிச்சத்தைக் கொஞ்சமும் உயர்த்தாமல் இடமும் வலமும் நகர்த்தினான். அந்த வெளிச்சத்துக்கு எது தெரியுமோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்: கதவோரச் சுவர், காலித் தரை, கதவருகே ஒரு வாளி.

"லதா?"

"டார்ச்சத் தூக்குங்கண்ணே! நேரா அடிங்க! இந்தப் பக்கம்!"

அவன் தலை நிமிர்ந்தது. கேட்டுவிட்டது. நிச்சயம் கேட்டுவிட்டது. அவன் அப்படியே அசையாமல் நின்றான். அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். மஞ்சள் ஒளி ஒரு சாண் எழும்பியது. பிறகு சட்டென்று தரைக்கு இறங்கியது.

அவன் குனிந்து வாளியை எடுத்தான்.

"மன்னிச்சிரு தங்கச்சி," என்றான். உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் அவளிடம் வந்து சேர்ந்தது.

சதுரம் கோடாயிற்று. பூட்டு விழுந்தது. நாற்பது நாள்.

வேன் கிளம்பும் சத்தம்கூடக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே பொழுது சாய்ந்திருக்க வேண்டும்; கோடு மங்கிப் போயிற்று; எங்கோ ஆயிரக்கணக்கான சிறகுகள் உள்ளே நுழைந்து, கிளிக் கிளிக்கென்று ஒலியெழுப்பித் தத்தம் சட்டங்களைத் தேடி அடங்கின. ஒரு குருவிகூட இந்தப் பக்கம் வரவில்லை.

டார்ச்சின் பின்னால் சிவப்புப் புள்ளி எரிந்தது. முழு வெளிச்சம் இனி வராது. அவள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். சிறியதுதான் வந்தது. அதனோடு சுவர்களும்.

மூன்று காலடித் தூரம்.

இரண்டு.

நிற்க இடமில்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒளி ஒரு தட்டு அளவாகச் சுருங்கி எதிர்ச் சுவரில் நின்றது. முதல் தடவையாக அதை நன்றாகப் பார்த்தாள். சிமெண்ட் இல்லை. மரம் இல்லை. வெள்ளையாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ, இழைமேல் இழை, இழைமேல் இழை. நான்கு வருடங்களாகக் கத்தியால் நெம்பி எடுத்து வாளியில் போட்ட பொருள். எவ்வளவு நாள் காய்ந்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

தொட்டாள்.

காயவில்லை.

சுவர் அவள் தலைக்கு மேல் வளைந்து உள்பக்கம் சாய்ந்திருந்தது. இடது பூட்ஸை இழுத்தாள். வரவில்லை. வலதும்.

மேலே அந்தச் சத்தம் நின்றது. கூட்டிச் சேர்த்தது போதும் என்பது போல.

வெளிச்சம் ஒரு நாணய அளவாயிற்று. அதற்குள் ஒரு இழை இறங்கி வந்தது. வெதுவெதுப்பாக அவள் இடது தோளில் படிந்தது. அறுபடாமல் கழுத்துக்குப் பின்னால் நகர்ந்தது. வலது தோளில் படிந்தது. மார்புக்குக் குறுக்கே மெதுவாக, மிகவும் பதமாக, இடது தோளுக்கே திரும்பி வந்து, அடுத்த சுற்றைத் தொடங்கியது.