கல்லில் இருந்த பிள்ளைகள்

மூன்றாம் மாடியில், வாசல் கார்ப்பெட் நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை. லக்‌ஷிகா குனிந்து தொட்டாள். விரலில் சேறு.

ஆங்கிலேய ஊரான பார்க்கிங்கில் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஹீட்டர் குழாய்கள் சூடேறி முனக, பாசியும் தாரும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கால் மெல்ல நுழைந்து சோபாவிலும் திரைச்சீலையிலும் படிந்துகொண்டிருந்தது.

அவள் உள்ளூர் வரலாற்றில் முதுகலை படிக்கிறாள். இந்த அடுக்குமாடி எழும்பிய இடத்தில் ஒருகாலம் மீனவர் குடியிருந்த குறுகிய ஒழுங்கை இருந்தது. ஆற்று வெள்ளம் ஏறி அங்கிருந்த பிள்ளைகளைக் கொண்டுபோனது. இடுகாட்டில் பாசி மூடிக் கிடந்த கல்லைச் சுரண்டி, அந்தப் பேர்களை அவள்தான் கண்டெடுத்தாள். நாளை வகுப்பில் பேசவேண்டும். மத்தியானத்திலிருந்து பேர்களை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

கணவன் லதீசனுக்குப் போன் எடுத்து, கார்ப்பெட் நனைந்திருப்பதைச் சொன்னாள்.

"பைப் உடைஞ்சிருக்கும்."

"இல்லையப்பா. ஆத்துச் சேறு மணக்குது."

"படிச்சுப் படிச்சு உமக்கு எல்லாம் ஆறாத்தான் தெரியுது. துளசி எங்கை?"

"அறையிலை, நித்திரை."

"ஷிப்ட் முடிஞ்சுது. வந்துகொண்டிருக்கிறன்."

பயத்தைக் கலைக்க, பேர்களை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"தோமஸ்."

நடைவழியில் ஈரக்கால் பதியும் சத்தம். ஹீட்டர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"எலன்."

இன்னொரு கால். கூடவே, மெல்லிய குரல்.

"யெஸ், மிஸ்."

நிறுத்தினாள். அறைக்குள்ளிருந்து மகள் கேட்டாள்:

"அம்மா, ஏன் நிப்பாட்டினீங்கள்? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். என்ர பேர் இன்னும் வரேல்லை."

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

சுவரோரம் பிள்ளைகள். வரிசையாக. மூக்கிலும் வாயிலும் சேறு வடிய. கடைசியில், ஆகச் சின்னவனின் கையைப் பிடித்தபடி துளசி. அவள் மட்டும் நனையவில்லை. எல்லார் கண்ணும் லக்‌ஷிகாவின் உதட்டில்.

மகளின் பேர் அலறலாகத் தொண்டைக்கு ஏறியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சொல்லக்கூடாது. சொல்லவே கூடாது.

வாசலில் சாவி திரும்பியது. லதீசனின் குரல்.

"துளசி! அப்பா வந்திட்டன்!"

"யெஸ், மிஸ்," என்று சொல்லத் துளசி வாயைத் திறந்தாள்.

கறுப்பாக, பாசியோடு, ஆறு வந்தது.