கடைசி இலக்கம்

அன்று பிற்பகல் நாலேகாலுக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

பெட்டியக்கா. சிம் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். வயது நாற்பத்தொன்று. கணவர் இறந்து பதினோரு மாதம்.

மச்சான் சார். முதலாளி மனைவியின் தம்பி. மேற்பார்வையாளர் என்று அவர் மேசையில் ஒரு பலகை இருக்கும். எதை மேற்பார்க்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

நான். வாடிக்கையாளர் சேவையில் மூன்று வருடம் இரவுப் பணி பார்த்துவிட்டு, ஒரு விடியற்காலையில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவன். அக்கா என்னை ராக்கோழி என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று பேர். நாலாவது ஆள் பிறகு வந்தார். அவரை நான் பார்க்கவில்லை.

எங்கள் தொழில் சிக்கலானதல்ல. ஏதாவது ஒரு தளத்தில் கணக்குத் திறக்கப் போனால் போன் நம்பர் கேட்பார்கள். சொந்த நம்பரைக் கொடுக்க விரும்பாதவர்கள் எங்களிடம் பத்து நிமிடத்துக்கு ஒரு நம்பர் எடுப்பார்கள். ஓடிபி எங்கள் சிம்முக்கு வரும், அவர்கள் திரையில் தெரியும். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அதே நம்பர் அடுத்த ஆளுக்கு. எடுப்பவர்களில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு, யாரிடமிருந்தோ ஒளிந்து வாழ்பவர்களும் உண்டு. நாங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத அறை அது. சுவர் நெடுக இரும்புச் சட்டங்கள், அவற்றில் பெட்டிகள், பெட்டிகளில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்கு ஒரு சிம். மொத்தம் எண்ணூற்று நாற்பது பச்சை விளக்குகள். மின்விசிறிகளின் இரைச்சலில் பேச்சு பாதிதான் காதில் விழும். சூடான பிளாஸ்டிக் வாசனை சட்டையோடு வீடு வரைக்கும் வரும்.

நானூற்றுப் பதினேழாம் குழியில் இருந்தது அக்காவின் கணவர் நம்பர்.

அதை அங்கே போட்டது அக்காதான். அந்த மனிதர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர், வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய். வேலையில் டிக்கெட்டைக் காட்டு, வீட்டில் போனைக் காட்டு. அக்காவின் மெயில் கணக்கைக் கல்யாணமான புதிதில் அவரே தன் நம்பரைப் போட்டுத் திறந்து கொடுத்தார். அக்கா எங்கே உள்ளே நுழைந்தாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும். போன் பண்ணிக் கேட்டால் ஐந்து இலக்கம் சொல்லிவிட்டு நிறுத்துவார். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், எத்தனை மணிக்கு வருவாய். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் ஆறாவது இலக்கம். பதினாறு வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் ஓடும் பேருந்திலேயே கம்பியைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார்.

துக்கம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே அக்கா அவருடைய சிம்மைக் கொண்டுவந்து குழியில் செருகினார்.

"இனி ஊரே இவர் நம்பர்ல வந்து காலைத் துடைச்சிட்டுப் போகட்டும்டா," என்றார்.

மற்ற நம்பர்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுப்போம். அதற்கு மட்டும் கிடையாது. யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் தள்ளிவிடுவார். எட்டு மாதத்தில் ஆயிரக்கணக்கான பேர் அதை மிதித்துக் கடந்தார்கள்.

அதில்தான் மாட்டிக்கொண்டார்.

வேறு நகரத்தில், துறைமுகக் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளர் வேலைக்கு அக்கா விண்ணப்பித்திருந்தார். தங்கவும் இடம் தருவார்கள். வேலை உறுதியாகிவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் வந்த இணைப்பைத் திறந்து சம்மதம் என்று அழுத்த வேண்டும். என் போனில் அவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தார். மெயிலில்தான் முடியும் என்றுவிட்டார்கள். ஆனால் முந்தின நாள்தான் அவருடைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்திருந்தது. எங்கள் கணினியில் மெயிலைத் திறக்கப் போனால் பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்புவேன் என்றது.

"நம்ம பெட்டியிலதானே இருக்கு, என்ன இப்போ?" என்றேன்.

அழுத்தினேன். குறுஞ்செய்தி வரவில்லை. இந்த நம்பர் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, அழைத்துத்தான் சொல்ல முடியும் என்று வந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. தவறினால் நாளைதான்.

மச்சான் சார் நாற்காலியில் சுழன்றபடி சிரித்தார். "புருஷன் நம்பரைத் தேய்ச்சுத் தேய்ச்சு நீயே ஓட்டை போட்டுட்ட. இப்போ அந்த ஓட்டையில நீயே விழுந்துட்ட."

"நீங்க சுத்துற நாற்காலி கழண்டுடப் போகுது சார், பாத்து," என்றார் அக்கா.

முதல் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். இயந்திரப் பெண் குரல்.

"உங்கள் குறியீடு. நான்கு. பூஜ்ஜியம். ஏழு. ஏழு. ஒன்று."

அதோடு நின்றது.

பிறகு ஒரு சத்தம். டக்.

பல்லில் எதுவோ மோதும் சத்தம். கெட்டியான மிட்டாயை வாய்க்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுவதுபோல. டக். டக்.

"லைன் சரியில்ல," என்றார் மச்சான் சார்.

அக்கா ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தார். அவர் மூக்கு விடைத்திருந்தது. எனக்கும் வந்தது அந்த வாசனை. சூடான பிளாஸ்டிக்கை ஒதுக்கிக்கொண்டு, குளிர்ச்சியாக, இருமல் மிட்டாய் வாசனை.

"எங்க இருக்க?"

ஆண் குரல். சத்தம் போடாத, அவசரப்படாத குரல். பயணிகள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்று பழகிய குரல்.

மச்சான் சார் எழுந்தார். "வண்டியை வெயில்ல விட்டுட்டேன்," என்றார். காலையிலிருந்து மழை மூட்டம். அவர் படியில் இறங்கும் சத்தம் ஓடும் சத்தமாக மாறியது.

அக்கா ஆறாவது இலக்கத்துக்கு மூன்று எண்களை அடித்துப் பார்த்தார். மூன்றும் தப்பு.

"அக்கா, வேண்டாம். விட்டுடலாம்," என்றேன்.

"எதை விடுறது? வேலையையா?"

மணி நாலு முப்பத்தைந்து.

இரண்டாவது அழைப்பு. வேறு குறியீடு. ஐந்து இலக்கம். நிறுத்தம். டக்.

"யார் கூட இருக்க?"

இரவுப் பணியில் எத்தனையோ குரல்களைக் கேட்டவன் நான். குடித்தவர்கள், அழுதவர்கள், சாகப் போகிறேன் என்றவர்கள். அவர்கள் எல்லோருமே போன் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

திரையைப் பார்த்தேன். அழைப்பு முடிந்தது என்று காட்டியது.

குரல் முடியவில்லை.

"ஆம்பளை மூச்சு கேக்குது. யாரு?"

எங்கள் பெட்டிகளில் மைக் கிடையாது. அவை வருவதை வாங்கத்தான் செய்யும், எங்கள் குரல் எதையும் அனுப்பாது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அக்கா மறுபடி மூன்று எண்களை அடித்தார். மூன்றும் தப்பு. மேசையை ஓங்கி அடித்தார்.

"பதினாறு வருஷம்," என்றார் என்னிடம். "கடையில கியூவுல நின்னுக்கிட்டு, பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் கேட்க, பதில் சொல்லியிருக்கேன்டா. ஒரு நம்பருக்காக."

நாலு நாற்பத்தாறு. கடைசி அழைப்பு.

ஐந்து இலக்கம் வந்தது. ஆறு. இரண்டு. ஒன்பது. பூஜ்ஜியம். மூன்று. ஒரு தாளில் எழுதினேன். எழுத்து கோணியது.

டக்.

"எங்க இருக்க?"

அக்கா ஒலிபெருக்கிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணவர் வாழ்ந்த நாளெல்லாம் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டவர்.

"நீ சொல்லு முதல்ல," என்றார். "நீ எங்க இருக்க?"

மின்விசிறிகள் எல்லாம் ஒரு கணம் தணிந்தன. மிட்டாய் சத்தமும் நின்றது.

அந்த மனிதரை வாழ்நாளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எங்க இருக்க?" என்றது குரல் மறுபடி. இந்த முறை அதில் ஒரு விரிசல்.

"தெரியணுமா? நேர்ல வந்து பாக்கணுமா? சரி. சின்னக் கடைவீதி முனையில மஞ்சள் கட்டடம். மூணாவது மாடி. கடைசி அறை. கதவு திறந்துதான் இருக்கு. கூட ஒருத்தன் இருக்கான், வேலை செய்யற பையன்தான். வா. வந்து கையோட கூட்டிட்டுப் போ. இப்போ அந்த ஆறாவது நம்பரைச் சொல்லு."

நான் அவர் தோளைப் பிடித்தேன். "அக்கா, என்ன பண்றீங்க!"

அவர் என் கையை விலக்கினார்.

பிறகு, பதில் கிடைத்த திருப்தியோடு ஒரு பெருமூச்சு.

"எட்டு."

அக்கா அடித்தார். மெயில் திறந்தது. இணைப்பு. சம்மதம். அழுத்தினார். உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்று வந்தது. நாலு ஐம்பத்திரண்டு. அதோடு விடவில்லை. பழைய நம்பரை நீக்கிவிட்டுத் தன் சொந்த நம்பரைப் போட்டு, செத்த போனிலிருந்து கழற்றிய தன் சிம்மை என் போனில் இரண்டாவதாகச் செருகி, அதற்கு வந்த ஆறு இலக்கத்தையும் தானே படித்து, தானே அடித்தார். அப்போதுதான் மூச்சு விட்டார்.

என் போன் அடித்தது. கீழேயிருந்து மச்சான் சார். கிசுகிசுத்தார்.

"டேய், மேல யாரோ வர்றாங்க. ஷூ சத்தம் கேக்குது. ஆளைக் காணோம். என்னைத் தாண்டும்போது நின்னு... டிக்கெட் கேட்டுச்சுடா."

படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக. காலை இழுக்காமல், ஓடாமல். ஓடுகிற வண்டியில் சமநிலை தவறாமல் நடந்து பழகிய கால்கள்.

முதல் மாடி.

டக்.

இரண்டாவது மாடி.

"பையை எடு," என்றார் அக்கா. என்னை நடைவழிக்கு இழுத்தார். அறையின் இரும்புக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். அதை முழுக்கத் திறந்து, சுவருக்கும் அதற்கும் நடுவில் என்னைத் தள்ளித் தானும் ஒடுங்கினார். துருப்பிடித்த இரும்பு என் கன்னத்தில் ஒட்டியது.

மூன்றாவது மாடி.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

இருமல் மிட்டாய் வாசனை கண்ணில் எரிந்தது. என் கால் பெருவிரல்கள் மரத்துப்போயின. அக்கா கண்ணை மூடவில்லை. ஒரு கை கதவின் பிடியில், இன்னொரு கையில் சாவி.

டக்.

சத்தம் நகர்ந்தது. உள்ளே போனது.

கதவின் கீல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அறையில் ஒருவரும் இல்லை. ஆனால் முதல் வரிசையின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகிக்கொண்டிருந்தன. இருக்கை இருக்கையாக நின்று நின்று போவதுபோல. என் போனில் பெட்டிகளின் பட்டியல் திறந்திருந்தது. ஒன்றாம் குழியில் ஒரு புதுச் செய்தி: எங்க இருக்க? இரண்டாம் குழி: எங்க இருக்க? மூன்றாம் குழி. நான்காம் குழி.

அக்காவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில் அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எண்ணூத்து நாப்பது பேரு," என்றார். "ஒவ்வொருத்தரா கேட்டு முடிக்கட்டும்."

கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். சாவியை நுழைத்துத் திருகினார். பூட்டு டக் என்றது.

உள்ளேயிருந்து, கதவுக்கு மிக அருகில், பதிலுக்கு ஒரு டக்.

அக்கா சாவியை இரண்டாவது சுற்றும் திருகினார்.