கிட்ட வந்தால் கேட்கும்

“…அந்தப் பெட்டிய அணைக்கியளா, இல்ல நான் வயரப் புடுங்கவா?”

கதவைத் திறந்த ஜெய்சனுக்கு முதலில் தெரிந்தது ஒரு குடை. அப்புறம் அதற்குக் கீழே இரண்டு கண்கள். சுற்றிலும் மழை கொட்டுகிறது, அந்தக் கண்கள் மட்டும் அடுப்பாக எரிகின்றன! மாடியில் குடியேறிய இந்த ஒரு மாதத்தில், கீழ்வீட்டு எப்சியைக் கொடியில் துணி காயப்போடும் முதுகாகத்தான் பார்த்திருக்கிறான். முகம் இதுதான் முதல் தடவை…

அதுவும் இந்தக் கோலத்திலா? கழுத்தில் கிடார், காலில் ஒற்றைச் செருப்பு.

“அது பெட்டி இல்லங்க… வால்வு ஆம்ப்ளிஃபயர். கிடார் சத்தத்தக் கூட்டுதது.”

“என்னவா வேணா இருக்கட்டும். எங்க அக்கா பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பிள்ளை பொறந்து ஒரு மாசங்கூட ஆவல. நீங்க ஒரு இழு இழுத்தா எங்க வீட்டுத் தட்டு பூராவும் ஆடுது. நிம்மதியே இல்ல.”

“சத்தத்தப் பைய வச்சா நல்லாருக்காதுங்க. வால்வு சூடேறி, மூச்சுமுட்ட வேலை வாங்கினாத்தான் அந்த இனிப்பு வரும். இல்லன்னா தகரத்தத் தட்டுன மாதிரி…”

“அப்ப ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போங்க. ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போவுது. அந்த இரைச்சலுக்கு உங்க சத்தம் காணாது!”

குடை திரும்பிப் படியிறங்கியது. அதன் நுனியிலிருந்து சிதறிய துளி ஒன்று அவன் கன்னத்தில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை… ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தானே?

அந்தப் பெட்டி அவன் அப்பா வேதமுத்துவுடையது. பகலில் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார், மாலையில் கிடார். சிறுவயதில் ஜெய்சன் கேட்ட அந்தச் சத்தம்… வெல்லப்பாகு மாதிரி, கெட்டியாக, சூடாக, வீடே நிறைந்து நிற்கும். அப்பா போன பிறகு பெட்டியைப் பழுதுபார்த்து, புது வால்வு மாற்றி, எத்தனையோ விதமாகத் திருகிப் பார்த்துவிட்டான். அந்தச் சத்தம் மட்டும் வரவே இல்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினால் வந்துவிடும், இன்னும் கொஞ்சம்… என்று கூட்டிக் கூட்டித்தான் கீழ்வீட்டுத் தட்டுகள் ஆடின.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. பெட்டியைத் தூக்கி இரும்பு பீரோவுக்குள் வைத்து, சுற்றிலும் ஜமுக்காளத்தை அடைத்து, கதவைச் சாத்தி வாசித்தான். ஆகா… சத்தம் குறைந்தது. ஆனால் பீரோ பாட ஆரம்பித்துவிட்டது! கைப்பிடி, பூட்டு, உள்ளே தொங்கிய ஹேங்கர்… ஒவ்வொன்றும் தனித்தனி ராகம்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி போன் போட்டார்.

“தம்பி, கீழ இருந்து புகார் வந்திருக்கு. இன்னொரு தடவ வந்துச்சுன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க. என்ன?”

நேரில் வந்து திட்டியதுகூட இனித்தது. முதுகுக்குப் பின்னால் போய்ச் சொன்னாளே… அது சுருக்கென்று குத்தியது. ரோஷத்தில் அந்த நிமிடமே காயல்பட்டினத்துக்காரர் ஒருவருக்குப் பேசினான். துபாயிலிருந்து திரும்பியவர், பழைய ஆம்ப்ளிஃபயர்கள் மேல் கிறுக்கு. சனிக்கிழமை வந்து பெட்டியை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாடி அமைதியானது.

இனி எப்சி வீட்டுக்கு வாருங்கள். கலெக்டர் புண்ணியத்தில் வெள்ளிக்கிழமை மழை லீவு. பள்ளிக்கூட டீச்சரான எப்சியும் வீட்டில்தான். அக்கா லில்லி தொட்டிலை ஆட்டுகிறாள், ஆட்டுகிறாள்… பிள்ளை அடங்கவில்லை.

“ஏட்டி, மேல என்ன சத்தத்தையே காணும்?”

“நான்தான் அண்ணாச்சிட்ட சொல்லி நிப்பாட்டிட்டேன்லா.”

“அட பாவி! சாயங்காலம் போடுத கூத்ததான நிப்பாட்டச் சொன்னேன்? மத்தியானம் பைய வாசிப்பாருல்லா, அது படி வழியா எறங்கி வரும். அதக் கேட்டுத்தான இவன் கண்ண மூடுவான்!”

எப்சி கையிலிருந்த துண்டை மறுபடி மடித்தாள். லீவு நாள் மத்தியானங்களில் அந்தச் சத்தம் இறங்கி வரும்போதெல்லாம், மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றவள் யார் என்று லில்லிக்குத் தெரியாதே…

‘நானே போய்க் கேக்கவா? அன்னைக்கு அந்தப் பேச்சு பேசிட்டு?’

தொட்டிலில் மறுபடியும் வீல்!

சரி… போய்த்தான் ஆக வேண்டும்.

இந்தத் தடவை குடையில்லை. நனைந்த முடி நெற்றியில் ஒட்ட, திறந்திருந்த கதவருகே நின்றாள். உள்ளே ஜெய்சன் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“பயப்படாதிய. சத்தம் போடல. நாளைக்கு ஒருத்தரு வந்து கொண்டு போயிருவாரு.”

“ஐயோ… வித்துட்டியளா?”

“நீங்கதான நிம்மதியில்லன்னிய?”

“இப்ப அது இல்லாமத்தான் நிம்மதியில்ல…” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பிள்ளைக்கு. பிள்ளைக்குச் சொன்னேன்.”

அவன் சிரிக்கவில்லை. பெட்டியின் மேலேயே கை இருந்தது.

“இதுல எங்கப்பா சத்தம் இருக்குங்க. ஒரே ஒருதரம் கேட்டாப் போதும்னு பாத்தேன். பைய வச்சா வரல. கூட்டுனா வீட்டக் காலி பண்ணச் சொல்லுதாவ.”

எப்சி பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பெட்டியை.

“இத எங்கன வச்சு வாசிப்பிய?”

“இங்கனதான். தரையில.”

“தரையிலயா? உங்களுக்கென்ன முழங்கால்லயா காது இருக்கு?”

அவன் விழித்தான்.

“அழுத பிள்ளைய அமத்தணும்னா யாரும் அடுத்த ரூம்ல நின்னு கத்துவாளா? தோள்ல போட்டு, காதுகிட்டதான பாடுவாவ? பிடிங்க அந்தப் பக்கம்!”

ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மூலையிலிருந்த நாற்காலியில் வைத்தார்கள். இரண்டு சுவர்களும் அணைத்துப் பிடித்த மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன… சூடேறிய தூசியின் அந்த வாசனை வந்தது.

அந்த வாசனை!

அப்பா இந்தப் பெட்டியை அம்மாவின் தையல் மெஷின் மேல்தானே வைத்திருப்பார்? பக்கத்து ஸ்டூலில் அவன். முன்பக்கத் துணியில் காது உரசும். உள்ளே அம்மா தூங்குவாள்… அவள் ஒருநாளும் விழித்ததில்லையே!

அப்பா சத்தமாக வாசிக்கவே இல்லை. இவன்தான் கிட்ட இருந்திருக்கிறான்.

சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து, காதைப் பெட்டியோரம் சாய்த்து, ஒரே ஒரு தந்தியை மீட்டினான்.

வந்தது. வெல்லப்பாகு… கெட்டியாக, சூடாக.

வெகுநேரம் அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் பெருசா கேக்கலயே…” கதவருகே திரும்பிப் போய் நின்றிருந்த எப்சி சொன்னாள்.

“அங்கன நின்னா கேக்காது. இங்கன வாங்க.”

வந்தாள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், நடுவே வால்வுச் சூடு. அவன் வாசிக்க வாசிக்க, அவள் இமைகள் தாமாக மூடின. கீழே தொட்டிலில் அழுகையும் நின்றது.

“அண்ணாச்சிட்ட சொன்னது தப்புதான்,” கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “உங்க முன்னால வந்து நின்னா… அன்னைக்கு மாதிரி இன்னொருதரம் திட்ட வராதுன்னு தோணிச்சு. அதான்.”

கிடார் நின்றது.

“காயல்பட்டினத்துக்காரருட்ட மன்னிப்பு கேட்டுக்கிடுதேன். பெட்டி எங்கயும் போகாது.” அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “நீங்க அன்னைக்குக் கொடையோட வந்து நின்னியள்லா… அப்பவே… உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.”

வெளியே மழை.

“என்ன சொன்னிய? கேக்கல.”

“சத்தமா சொல்லவா?”

“வேண்டாம், பிள்ளை தூங்குதான்…” அவள் கண்கள் திறந்தன. அடுப்பில்லை இப்போது… விளக்கு. “கிட்ட வந்து சொல்லுங்க.”

நீங்களே சொல்லுங்களேன்… அவளுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?