யார் ஜாடை

குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் அது யார் ஜாடை என்று சொல்லவில்லை. விண்ணரசிக்கு முதலில் உறுத்தியது அதுதான். "அப்பன் லூர்து மூக்கு வந்திருந்தா புள்ள பாவம்" என்று சிரித்துக்கொண்டே வந்த பக்கத்து வீட்டுச் சிந்தாமணி, துணியை விலக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். மீன்சுருட்டி ஊரில் இருக்கும் தன் அண்ணன் பேரனும் அச்சாக இப்படித்தான் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூத்தவன் சாம் மூன்று வயதில் இறந்தான். உடம்பில் ரத்தம் ஊறாத நோய். கணவன் லூர்துராஜ் அவளுக்கு மாமன் மகன். இருவரின் மரபணுவிலும் ஒரே பிழை இருக்கிறது, கருவிலேயே திருத்தித் தருகிறோம் என்றார்கள் பெரம்பலூர் கருத்தரிப்பு மையத்தில். கருவை வைத்த அன்று நர்ஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஒரு பிழைகூட இல்லாததும்மா. கெடைக்கிறதே அபூர்வம்."

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் ஞானஸ்நானம். உருகும் மெழுகும் சாம்பிராணியும் வாடிய மல்லிகையும் கலந்த வாடை மூச்சை அடைக்க, சாலையில் சிமென்ட் லாரி போகும்போதெல்லாம் கோயிலின் சன்னல் கண்ணாடிகள் நடுங்க, முதல் பெஞ்சில் சுவரோரமாக அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஐந்து குழந்தைகள். பங்குக் கோயிலில் தைத்துக் கொடுத்த ஒரே மாதிரி வெள்ளைக் கவுன், முகத்தை மறைக்கும் தொப்பி. தன் பிள்ளைக்கு நெற்றியில் மைப்பொட்டைப் பெரிதாக இட்டிருந்தாள்.

ஐந்தும் அழுதன. ஒரே குரலாகக் கேட்டது.

முதல் குழந்தையின் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் பிள்ளையின் முகம். ஆனால் அவள் பிள்ளை நாத்தனார் ஜெனிதாவின் கையில் இருந்தது. இரண்டாவது. அதே முகம். மூன்றாவதற்கு நீர் வார்க்கையில் பங்குச் சாமியாரின் கை தயங்கியது.

எழ நினைத்தாள். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் நான்கு தாய்மார்கள், பெரம்பலூர் மையத்தில் பார்த்த முகங்கள், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நீரில் மை கரைந்தது. ஜெனிதா துண்டால் துடைத்தாள். போட்டோக்காரர் ஐந்தையும் பாயில் கிடத்தச் சொல்லி, வெளிச்சம் பார்த்துக் குழந்தைகளை இடம் மாற்றினார். படம் எடுத்து முடித்தார்.

"அவங்கவங்க புள்ளைய எடுத்துக்குங்க" என்றார் சாமியார்.

ஜெனிதா குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"அண்ணி, நம்ம புள்ள எது?"

அழுகை நின்றது. ஐந்தும் ஒரே நொடியில். ஐந்து ஈரத் தலைகள் விண்ணரசியின் பக்கம் திரும்பின.

ஐந்தும் சிரித்தன. பத்துக் கைகள் உயர்ந்தன, அவளை நோக்கி.