ஊமை போர்டு

காலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத் திரையில் வீடுவாரியாக 'மிச்சம்' வந்துவிடும். வீட்டுக் கணினியில் சும்மா கிடக்கும் கணிப்புத் திறன், அது போதாதவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. யாருக்குப் போகிறது என்பது கொடுப்பவருக்குத் தெரியும். வாங்குபவர் கூச்சப்படக் கூடாதென்று, தனக்கு வருகிறது என்பதையே அவரிடம் சொல்ல மாட்டார்கள்.

என் மிச்சம் மேல்வீட்டு ரெபேக்கா டீச்சருக்குப் போனது. தொண்டையில் அறுவை நடந்து குரல் போனவர். கழுத்தில் மாட்டிய பேச்சுக்கருவி உதட்டசைவைப் படித்து அவருக்காகப் பேசும். அதற்குத் திறன் நிறைய வேண்டும்.

எனக்கோ கண்ணில் கருவி மாட்டி ஆடும் கிரிக்கெட் மாயக்கூடத்தின் மேல் பித்து. பழைய கணினியில் மட்டையை வீசினால் பந்து அரை வினாடி கழித்துத்தான் பறந்தது. ஐம்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் ஓர் ஆத்திரம்! தில்லைநகர்க் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ப்ராசஸரைக் கேட்டேன்.

"ப்ராசஸர் எதை வேணா எடுங்க சார். மதர்போர்டுதான் முக்கியம். உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளிய சொல்றது அதுதானே," என்றார் கடைக்காரர் வேல்ராஜ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊமை போர்டு ஒண்ணு இருக்கு. பதினாறு கோர் போட்டாலும் நாலுன்னுதான் சொல்லும். அதுவும் உங்களுக்கே பத்தலைன்னு சொல்லிடும்."

டீச்சர் முகம் நினைவுக்கு வராமல் இல்லை. வேறு யாராவது கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு அதையே வாங்கினேன். யாரும் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் லிஃப்டில் டீச்சரும் அவர் கணவர் அகஸ்டினும் நின்றார்கள்.

"சார்..." என்றது கருவி. இரண்டு மாடி கடந்தது. "நல்லா... இருக்கீங்களா?"

"கருவியைப் பார்த்தாச்சு சார், கோளாறு இல்லையாம்," என்றார் அகஸ்டின். "இவளுக்குத்தான் மூளை மந்தமாயிடுச்சோன்னு பயப்படுறா. டாக்டர்கிட்ட போறோம்."

"நல்ல டாக்டரா பாருங்க," என்றேன். சீ, என்ன மனிதன் நான்!

அன்று மாலையே போய் உள்ளதைச் சொல்லும் சாதா போர்டு வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் மாயக்கூடத்தைத் தொடவில்லை. மாடியிலிருந்து டீச்சரின் கருவி சிரிப்பதுகூடக் கேட்டது. பாவம் கழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் அகஸ்டின் பிளம் கேக்கோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாத்திரை கேட்டுருச்சு சார். பழையபடி பேசுறா. ஒரே தூக்கமும் தலைச்சுத்தலுமா இருக்காம், பரவாயில்ல. ஆயுசுக்கும் விடக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நல்ல டாக்டரா பார்க்கச் சொன்னதே நீங்கதானே சார்," என்றார்.

"ஒரு வேளைகூட விட்டுடாதீங்க," என்றேன்.