டம்ளரின் விளிம்பு

மாலை 7:42. அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரில் ஒரு சின்ன வெனிசுவேலா உணவகம். சேனாபதியின் கையிலிருந்த அரேபா என்ற சோள ரொட்டி தட்டில் விழுந்தது. அவரும் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

மகள் வான்மதி தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் ஏந்தினாள். பக்கத்து வீட்டு நாகமணி ஆன்ட்டி கவுன்டருக்கு ஓடினார். வான்மதியின் கணவன் தீபக் மேஜையருகே நின்றபடி 911-ஐ அழைத்தான்.

முக்கால் மணி நேரம் முன்பு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வெல்லமும் எலுமிச்சையும் கலந்த பானத்தை, "அட, நம்ம பானகம்" என்று அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

"மாமா, அது சொம்பு இல்ல. ஸ்ட்ரா வாங்கித் தரட்டுமா?" என்றான் தீபக்.

"எனக்கு இதுதான் பழக்கம், மாப்பிள்ளை."

அவளை ஊருக்குக் கூட்டிப்போகத்தான் அப்பா வந்திருந்தார். மறுநாள் காலையில் ஃப்ளைட். அவள் கையிலிருந்த கன்றிய தடங்களைப் பார்த்ததும் அவரே அவள் பெட்டியைக் கட்டினார். இந்த விருந்து தீபக்கின் யோசனை.

7:50. ஆம்புலன்ஸ் ஆட்கள் சோதித்தார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. நாடி நிமிடத்துக்கு முப்பத்தாறுதான்.

"நாடியைக் குறைக்கும் ஏதோ மாத்திரை உள்ளே போயிருக்கலாம்" என்றாள் ஆம்புலன்ஸில் வந்த பெண். "எதுவென்று தெரிந்தால் மாற்று மருந்து கொடுக்கலாம். சீக்கிரம்."

"அப்பா மாத்திரையே போட மாட்டார்."

"வயசாச்சு, மதி. ஜெட்லாக் வேற. பேனிக் ஆகாத." தீபக்கின் குரல் தணிந்திருந்தது. வீட்டில் அவன் குரல் இப்படித் தணிந்த பிறகுதான் கை ஓங்கும்.

அவள் எழுந்து மேஜையைப் பார்த்தாள். அரேபா, பச்சைச் சட்னி, பீன்ஸ், பொரித்த வாழைப்பழம் எல்லாம் ஒரே தட்டிலிருந்து நால்வரும் எடுத்துத் தின்றவை. பானம் மட்டும் தனித்தனி. கவுன்டரிலிருந்து தீபக்தான் எடுத்துவந்தான்.

அவளுடையது வெறும் தண்ணீர். ஆன்ட்டியின் டம்ளரில் ஸ்ட்ரா. அப்பாவின் இடத்தில் பாதி குடித்த டம்ளர்; விளிம்பில் உதடு பதிந்த பச்சைச் சட்னிக் கறை. தீபக்கின் முன்னாலும் பாதி குடித்த டம்ளர். அதன் விளிம்பு துடைத்ததுபோல் சுத்தம்.

ஸ்ட்ரெச்சர் உயர்ந்தது.

வான்மதி தீபக்கை நெருங்கினாள்.

"அப்பா உதடு பட்டுக் குடிச்சு நான் பார்த்ததே இல்ல. இந்தக் கறை உன்னோடது. நாங்க கீழே இருந்தப்போ டம்ளரை மாத்திட்ட. அப்பா குடிச்சது இப்போ உன் முன்னால இருக்கு."

"லூசு மாதிரி பேசாத. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

விளிம்பு சுத்தமாயிருந்த டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கை அசையவில்லை. ஆம்புலன்ஸ் பெண் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உன் டம்ளர்தானே, தீபக்? குடி. இல்லன்னா இதுல என்ன போட்டேன்னு அவங்ககிட்ட சொல்லு."