நடுப்பகல் சுவர்க்கோழி

ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு செவ்வகம் மட்டும் மிச்சமிருந்தது.

காலை ஒன்பது மணி. எடிட்டிங் அறையின் இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உதவி எடிட்டர் அந்தச் செவ்வகத்தையே பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் இயக்குநர் மொத்தக் கட்டடத்துக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்.

"அலமாரி சாவி யார்கிட்ட? உன்கிட்ட. நேத்து கடைசியா பூட்டினது யாரு? நீ. இதுக்கு மேல நான் என்னத்தக் கண்டுபிடிக்கணும்?"

காணாமல் போனது ‘நாளைய அழைப்பு’ தொடரின் கடைசி அத்தியாயம். தொலைக்காட்சியில் மூன்று வருடமாக ஓடும் மர்மத் தொடர் அது. தனியாக வசிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுப் போன் ராத்திரியில் அடிக்கும். எடுத்தால், நாளைக்கு நடக்கப்போவதை ஒரு குரல் சொல்லும். அவள் தலைகீழாக நின்றாலும் அது நடந்தே தீரும். பார்ப்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பவர்கள் விதிக் கட்சி. கடைசியில் அவள் தன் இஷ்டப்படி ஒன்றைச் செய்துகாட்டுவாள் என்பவர்கள் மதிக் கட்சி. ரசிகர் குழுவில் இந்த இரண்டு கட்சியும் போடும் சண்டை தொடரைவிட விறுவிறுப்பாக இருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் குழுவில் ‘முடிச்சு’ என்ற புனைபெயர்க்காரர் கடைசிக் காட்சியை எழுதிப் போட்டுவிட்டார். இன்று காலை டிஸ்க் இல்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்த இயக்குநருக்கு விடையாக வந்தவள் உதவி எடிட்டர்.

இன்னொரு பிரதி, படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட்டின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அதனால் நாளைய ஒளிபரப்புக்கு ஆபத்தில்லை. ஆபத்து அந்தப் பெண்ணுக்குத்தான். திருடி என்று ஒருமுறை பேர் வாங்கினால் இந்தத் தொழிலில் வேறு யாரும் அவளை எடிட்டிங் அறைக்குள் விடமாட்டார்கள்.

பத்தரை மணிக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் தொடரில் ஒரு அத்தியாயம்கூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவருடைய மாமியார் விதிக் கட்சி. காலைப் பலகாரத்தோடு கதையும் தட்டுக்கு வந்துவிடும்.

இயக்குநர் தன் போனை நீட்டினார். முடிச்சு எழுதியது திரையில் இருந்தது.

‘கடைசிக் காட்சி. வாசல்படியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போன் அடிக்கிறது. அடித்து அடித்து ஓய்கிறது. அவள் எழுந்திருக்கவே இல்லை. நண்பர்களே, கவனியுங்கள். இதுவரை வந்த அழைப்பெல்லாம் இருட்டிய பிறகு வந்தவை. இது மட்டும் உச்சி வெயிலில் வருகிறது. அவள் நிழல் அவள் காலடியிலேயே கிடக்கிறது. அந்த வெயிலில் சுவர்க்கோழிப் பூச்சி கத்துகிறது! இரவின் சத்தம் பகலுக்குள் வந்துவிட்டது. காலத்தின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. விதியின் ஆட்சி முடிந்தது.’

"முழுசா படிச்சீங்களா?"

"வாசல்படி, போன், எடுக்காதது. மூணும் சரி. அதுக்குக் கீழ இவனுங்க வழக்கமா அளக்கற தத்துவம். அதையெல்லாம் யாரு படிப்பா?"

"இந்த முடிவு யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணு முடிவு ஷூட் பண்ணினோம். எதை வைக்கப்போறேன்னு நடிச்சவங்களுக்கே தெரியாது. எனக்கு, இந்தப் பொண்ணுக்கு, கலரிஸ்ட்டுக்கு, சவுண்ட்காரருக்கு. அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் முதலில் உதவி எடிட்டரை உட்காரவைத்தார்.

"அந்த ரசிகர் குழுவுல நீங்களும் இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"எந்தக் கட்சி?"

"விதி."

"முடிவு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான் மேடம். மதின்னு பேச ஆரம்பிச்சா வாய் தவறி ஏதாவது வந்துடும். அதனால தோக்கற பக்கம் நின்னு சண்டை போட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்த அத்தியாயம் முழுக்க நானே வெட்டினது. எடிட்டிங்னு என் பேரை முதல்முறையா தனியா போட்டிருந்தாங்க. காலைல சார் அதைத் தூக்கச் சொல்லிட்டார்."

"முடிச்சு எழுதினதைப் படிச்சீங்களா?"

"ரெண்டு வரி படிச்சேன். அப்புறம் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார்.

சவுண்ட் இன்ஜினியரின் அறைச் சுவர்களில் பஞ்சு. கதவை மூடியதும் காது அடைத்தது போலிருந்தது. அவர் முன்னால் சின்னத் திரையில் வெளிறிய படம் ஒன்று நின்றிருந்தது: வாசல்படி, ஒரு பெண், கண் கூசும் வெளிச்சம். அறையின் பின்பக்கம் ஒரு பழைய சோஃபா.

"வேலை எப்ப முடிஞ்சது?"

"நேத்து மத்தியானம். சத்தமெல்லாம் சேர்த்து எடிட்டிங்குக்கு அனுப்பிட்டேன். அவங்க கலர் பண்ணின படத்தோட அதைச் சேர்த்துப்பாங்க."

"ஹெட்ஃபோன்லயா வேலை?"

"கடைசிக் கட்டத்துல ஸ்பீக்கர்தான். சவுண்டு முழுசா காதுல விழணும்ல."

"இங்க யாரெல்லாம் வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க. மேனேஜர் மட்டும். அவர் ரூம்ல ஏசி ஓடலையாம். சாப்பிட்டதும் வந்து அந்த சோஃபால விழுவார். விடற குறட்டைல என் ஸ்பீக்கரே தோத்துடும்." அவர் அலுத்துக்கொண்டார். "என்னமோ கடைசி ரெண்டு நாள் மட்டும் சத்தமில்லாம தூங்கினார். புண்ணியமாப் போச்சுன்னு வேலையை முடிச்சேன்."

தயாரிப்பு மேனேஜர் இயக்குநரின் மனைவிக்குத் தம்பி. அவருடைய அறை நிஜமாகவே புழுங்கியது. நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் கட்டடத்தின் எல்லா அறைக்கும் அலமாரிக்கும் மாற்றுச் சாவிகள் தொங்கின. சுவரில் ஏசி வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

"தொடர் பாக்கறதுண்டா?"

"அதுக்கெல்லாம் எனக்கு எங்க மேடம் நேரம்? சாப்பாடு, வண்டி, வாடகை, இதுதான் என் உலகம். கதையெல்லாம் மாமா இலாகா."

"ஏசி?"

"போச்சு. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டையும் போச்சு. வரவே மாட்டேங்கறான்."

வராந்தாவில் நின்றிருந்த உதவி எடிட்டரிடம் இன்ஸ்பெக்டர் அதை விசாரித்தார். "வந்தாரே மேடம். ரெண்டு தடவை. மேனேஜர் சார்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு திருப்பி அனுப்பிட்டார்" என்றாள் அவள்.

கலரிஸ்ட்டின் அறையில் பெரிய திரை இருந்தது. கடைசிக் காட்சியைப் போடச் சொல்லி இன்ஸ்பெக்டர் பார்த்தார். வாசல்படியில் நீல நிலா வெளிச்சம். படியைச் சுற்றி இருட்டு. சுவர்க்கோழிகள் கத்தின. உள்ளே போன் அடித்தது; அடித்து ஓய்ந்தது. அந்தப் பெண் அசையவில்லை.

"சத்தத்தோட சேர்ந்த இந்தப் பிரதியை யாரெல்லாம் பாத்தாங்க?"

"நான், டைரக்டர், அந்தப் பொண்ணு."

அப்போது இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மாமியார்.

"ஏம்மா, அந்த ஆபீஸ்லயா இருக்கே? முடிவை மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."

"சொல்லல அத்தை."

"சரி, அந்த முடிச்சு எழுதினது நிஜமா?"

"அத்தை!"

"எனக்கு ரெண்டு வருஷமா அவனைத் தெரியும். மதிக் கட்சிக்கு அவன்தான் பெரிய தலை. அவன் எழுதினா மத்தவங்க அப்படியே தலையாட்டுவாங்க. ஆனா இந்தத் தடவை உளறியிருக்கான். போன் என்னிக்கு வெயில்ல அடிச்சிருக்கு?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு முடிச்சு எழுதியதை, தத்துவத்தையும் சேர்த்து, இன்னொரு முறை படித்தார். கலரிஸ்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே "ஆமா" என்றார்.

மாலை நான்கு மணிக்கு எல்லோரும் கலரிஸ்ட்டின் அறையில் கூடினார்கள். கடைசிக் காட்சி மறுபடி ஓடியது. மற்றவர்கள் திரையைப் பார்க்க, இன்ஸ்பெக்டர் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலா வெளிச்சம் வந்ததும் ஒரே ஒருவர் முன்னால் சாய்ந்தார். வாய் லேசாகத் திறந்தது.

"என்ன மேனேஜர் சார், ராத்திரியா இருக்கேன்னு பாக்கறீங்களா?"

மேனேஜர் சட்டென்று பின்னால் சாய்ந்தார்.

"இந்தக் காட்சியை எப்ப ஷூட் பண்ணினீங்க?" இன்ஸ்பெக்டர் இயக்குநரிடம் கேட்டார்.

"பட்டப்பகல்ல. ராத்திரி ஷூட்டிங்னா லைட்டு, ஆளுன்னு ஆயிரம் தொல்லை. பகல்ல எடுத்துக்கிட்டு, கலர் பண்ணும்போது ராத்திரியா மாத்திடுவோம். படத்துல கை வைக்கற எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் உங்கள்ல யாரும் வெயில்னு எழுதியிருக்க மாட்டீங்க. முடிச்சு எழுதினதைக் கீழ வரைக்கும் படிங்க சார். உச்சி வெயில், காலடியில நிழல், அதோட சுவர்க்கோழி. ஷூட்டிங் ஆளுங்க வெயிலைப் பாத்தாங்க, ஆனா அங்க சுவர்க்கோழியும் இல்ல, போன் மணியும் இல்ல. அதெல்லாம் அப்புறம் சேர்த்தது. இந்தப் பொண்ணு அலமாரியில வச்ச டிஸ்க்ல சுவர்க்கோழி இருக்கு, ஆனா வெயில் இல்ல. ரெண்டும் ஒண்ணா இருந்த இடம் ஒண்ணே ஒண்ணுதான்."

"என் ரூம்" என்றார் சவுண்ட் இன்ஜினியர் மெதுவாக. "கலர் பண்ணாத படத்தை வச்சுத்தான் நான் சத்தம் போடறேன்."

"சுவர்க்கோழியைப் போட்ட நீங்க அது ராத்திரின்னு தெரிஞ்சுதான் போட்டீங்க. உங்க ரூமுக்கு வந்த, சாப்பாடும் வண்டியும் மட்டும் பாக்கற இன்னொருத்தருக்கு அது தெரியாது. அரைகுறை வேலையைப் பாத்துட்டு, அதையே பெரிய ரகசியம்னு நினைச்சு ஒரு தத்துவமே கட்டிட்டார். கடைசி ரெண்டு நாள் குறட்டை வரலேன்னு சொன்னீங்களே, ஆள் தூங்கினாத்தானே வரும்? அந்த சோஃபா கைவிட்டுப் போகக் கூடாதுன்னுதான் ஏசி மெக்கானிக்கும் ரெண்டு தடவை திரும்பிப் போனார்."

மேனேஜர் எழுந்தார். போக இடமில்லாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"மாப்ள?" இயக்குநரின் குரல் இறங்கியிருந்தது.

"என் படிப்பு, இந்த வேலை, என் கல்யாணம், எதை நான் முடிவு பண்ணினேன் மாமா? எல்லாம் அக்காவும் நீங்களும்" என்றார் மேனேஜர். "அந்தக் குழுவுலதான் நான் சொன்னா நாலு பேர் கேட்டாங்க. கடைசியா ஒரு தடவை எல்லாருக்கும் முன்னால சொல்லி ஜெயிக்கணும்னு தோணிச்சு. போட்டதும் பயம் வந்துடுச்சு. எங்கிருந்து கசிஞ்சதுன்னு தேடுவீங்களே. டிஸ்க் காணாம போனா அதுலேர்ந்துதான்னு நினைப்பீங்கன்னு, மாத்துச் சாவியால அலமாரியைத் திறந்து..." அவர் கைகளை விரித்தார். "என் தலையெழுத்து மேடம். வேற என்ன சொல்ல?"

"இத்தனை நாளா மதிக் கட்சிக்குப் பெரிய தலை. மாட்டினதும் கட்சி மாறிட்டீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர். சிரிக்கவில்லை. "எழுதினது உங்க ஆசை, அதை விடுங்க. அலமாரியைத் திறந்தா பழி யார் மேல விழும்னு தெரிஞ்சுதான் திறந்தீங்க. போனை எடுக்கறதும் விடறதும் அவ கையிலன்னு ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்க. அந்தச் சாவியும் உங்க கையிலதான் இருந்தது."

மேனேஜர் உதவி எடிட்டரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காணாமல் போன டிஸ்க் அவர் அறையில், ஓடாத ஏசியின் மூடிக்குள் இருந்தது.

இயக்குநர் வெகுநேரம் கழித்து அந்தப் பெண்ணிடம் வந்தார். "நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சுடு." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "முடிவுதான் வெளிய போயிடுச்சே. வேற முடிவை வச்சுடலாமா? அவ போனை எடுக்கற மாதிரி ஒண்ணு இருக்கே."

"வேண்டாம் சார்" என்றாள் அவள். அன்று முழுவதும் அவள் குரல் அவ்வளவு உறுதியாக வந்ததில்லை. "இதுக்குப் பயந்து அவளை எடுக்க வைக்கக் கூடாது."

மறுநாள் சாயங்காலம் வீட்டில் மாமியார் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். வாசல்படி, நிலா வெளிச்சம், சுவர்க்கோழி. போன் அடித்தது. ஓய்ந்தது.

"பாத்தியா, ராத்திரி!" மாமியார் தொடையில் தட்டினார். "வெயிலாம், நிழலாம்! முடிச்சு தோத்தான்."

"அவ போனை எடுக்கலையே அத்தை. அதை முடிச்சு சரியாத்தானே சொன்னார்?"

"எடுக்க மாட்டாங்கறதுதான்மா அவ விதி."

சொல்லிவிட்டு மாமியார் சேனலை மாற்ற ரிமோட்டை டிவி பக்கம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம் அத்தை. பேர் ஓடட்டும்."

"பேரையெல்லாம் யாராவது பாப்பாங்களா?"

திரையில் பேர்கள் வரிசையாக மேலே ஏறின. எடிட்டிங் என்ற சொல்லும் அதன் கீழே ஒரே ஒரு பேரும் வந்து, கொஞ்ச நேரம் நின்று, மறைந்தன.

"யாரும்மா அது?"

"தெரிஞ்ச பொண்ணு அத்தை" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் கையை விட்டார். "இப்ப மாத்திக்கோங்க."